குலுக்கல் சீட்டை விட்டுக்கொடுத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புடையீர்,

இந்த மாதம் முதல், பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கன்சல்டிங் குழுவுக்கு நான் பொறுப்பேற்றிருக்கிறேன். அலுவலகத்தில் கேக் வெட்டிய பிறகு நன்றி சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அது அந்த அறையில் இருந்தவர்களுக்கே சரியாகப் போயிற்று. அந்த அறைக்குள் ஒருநாளும் வந்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவர்களில் பலருக்கு என் வேலை இன்னதென்று தெரியாது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலை தனக்கு வேண்டிய சரக்கை வாங்குவது, பெறுவது, இருப்பு வைப்பது, அதற்குப் பணம் கொடுப்பது ஆகிய அனைத்தையும் எஸ்.ஏ.பி. என்னும் மென்பொருளில் நடத்த விரும்பினால், அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டறிந்து, அதற்கேற்ப அந்த மென்பொருளை அமைத்துக் கொடுப்பவர்கள் நாங்கள்.

இந்த வேலையின் முதல் பாடம் எனக்கு எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. அப்பா துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைக் கப்பல் தரப்பில் ஒருவரும் துறைமுகத் தரப்பில் ஒருவரும் தனித்தனியாக எண்ணி, ஷிப்ட் முடிவில் இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார்கள் என்பதை அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொல்லுவார். வாங்கும் ஆணை, சரக்குப் பெற்ற சீட்டு, விற்றவரின் பில் ஆகிய மூன்றும் பொருந்தினால் மட்டுமே பணம் கொடுக்க வேண்டும் என்று பின்னாளில் பயிற்சி வகுப்பில் பெரிய படம் போட்டு விளக்கியபோது, எனக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். இதற்கா இவ்வளவு பீஸ் வாங்கினார்கள் என்று கேட்டார்.

அந்த பீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரதி மகளிர் கல்லூரியில் 2007இல் பி.காம். முடித்துவிட்டு, மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எஸ்.ஏ.பி. பயிற்சிக்கான கட்டணம் என் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. எங்கள் தெருவில் நடந்த குலுக்கல் சீட்டில் அம்மாவும் ஒருவர். அந்த மாதம் சீட்டு விழுந்ததோ காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் அக்காவுக்கு. வீட்டுக்குக் கூரை மாற்ற என்று அவர் காத்திருந்த பணம் அது. "எனக்கு மழைக்கு இன்னும் நாலு மாசம் இருக்குது, நீ படி" என்று சொல்லி, தன் முறையை எங்களுக்கு மாற்றிக் கொடுத்தார். அம்மாவின் முறை வந்தபோது மழை தொடங்கிவிட்டது. அக்கா, அந்த ஆண்டு உங்கள் வீட்டில் எத்தனை பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் அதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

மண்ணடிக் கடையின் மூத்த கணக்கரையும் இங்கே வணங்குகிறேன். எந்த பில்லையும் அடியிலிருந்து மேலாகப் படிக்கவும், கலால் வரியும் வாட் வரியும் எதன்மீது எந்த வரிசையில் ஏறுகின்றன என்று விரல் வைத்துச் சொல்லவும் அவர்தான் பழக்கினார். 2017 ஜூன் 30 நள்ளிரவில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, பழைய வரியோடு ஜூனில் புறப்பட்டு ஜூலையில் வந்து சேரும் சரக்கின் பில்களை 30 நாளுக்குள் கணக்கில் பதிந்தால்தான் அந்த வரியை வரவு எடுக்க முடியும் என்ற நிலை இருந்தது. எங்கள் குழுவில் பழைய பில்லைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் நான் ஒருத்தியாக இருந்தேன் என்றால் அந்தப் பெருமை அவரைச் சேரும்.

நான் அதிகம் கடன்பட்டிருப்பது ஒரு ஸ்டோர்ஸ் கீப்பர் ஐயாவுக்கு. 2013இல் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டேன். முதல் நாள் கூட்டத்தில், கன்சல்டன்ட் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்டார்கள். நான்தான் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒவ்வொரு முறை இருப்பு எடுக்கும்போதும் ஏட்டுக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் வந்துகொண்டிருந்தது. லாரி வரும், வாசலில் பதிவாகும், தரப் பரிசோதனை நடக்கும், பிறகு வரவு வைக்கப்படும், அதன்பின் உற்பத்திக்குப் போகும் என்று துறைத் தலைவர்கள் சொன்னதை அப்படியே படமாக வரைந்து கொண்டுபோனேன். ஸ்டோர்ஸ் ஐயா அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது பகல்ல நடக்கிறதும்மா, ராத்திரி ஷிப்ட்டைப் பார்த்துட்டு வந்து எழுதுங்க" என்றார்.

இரவில் பெண்கள் தொழிற்சாலைக்குள் இருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று என் திட்ட மேலாளர் மறுத்துவிட்டார். என் பாதுகாப்புக்காகவே சொல்வதாகவும் சேர்த்துக்கொண்டார். அந்த ஆலையின் மனிதவளப் பிரிவில் இருந்த அம்மையார் அதைக் கேள்விப்பட்டு, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைப்பதற்குத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவில் இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே, பாதுகாப்பு நிபந்தனைகளுடன், செல்லாது என்று கூறிவிட்டதை அச்செடுத்து மேலாளரின் மேசையில் வைத்தார். அவரிடம் வாதாடவும் இல்லை. காவலுக்கு ஒரு பெண் ஊழியரையும் வீட்டுக்குத் திரும்ப வண்டியையும் அவரே ஏற்பாடு செய்தார்.

இரண்டாம் இரவு, ஏறத்தாழ இரண்டு மணிக்கு, பேரிங் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. உற்பத்தி வரிசை நின்றுவிடும் நிலையில் இருந்ததால், ஃபோர்மேன் நான்கு பெட்டிகளை நேராக உள்ளே எடுத்துப்போய்விட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணிக்கையைக் கிறுக்கி ஆணியில் குத்தினார். காலையில் மின்விசிறிக் காற்றில் அந்த ஆணியிலிருந்து எத்தனை காகிதம் மிஞ்சுகிறதோ அத்தனைதான் கணக்கு. திருட்டென்று பல ஆண்டுகள் சந்தேகிக்கப்பட்ட வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்த ஆணியில் இருந்தது. லாரி வந்தவுடனேயே, பரிசோதனையில் உள்ள சரக்கு என்று வரவு வைத்துவிட்டு, அவசரத்துக்கு அதை விடுவிக்கும் உரிமையை இரவு ஷிப்ட் பொறியாளருக்குக் கொடுக்கும்படி அமைப்பை மாற்றி எழுதினோம். எழுதியது நான், கண்டுபிடித்தவர் அந்த ஐயா. இன்றும் புதிய ஆலைக்குப் போனால், படம் வரைவதற்கு முன் ஆணி எங்கே இருக்கிறது என்றுதான் தேடுகிறேன்.

புதிய அமைப்பு ஓர் ஆலையில் நிஜமாக இயங்கத் தொடங்கும் கோ-லைவ் நாட்களில் நள்ளிரவுக்கு மேல் என்னைத் தரமணியிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விட்ட வாகன ஓட்டுநர் அண்ணன் ஒருவர் உண்டு. வடசென்னை என்றதும் டிரிப்பைத் தட்டிக்கழித்தவர்களைப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு, மாடியில் விளக்கு எரியும் வரை தெருமுனையில் வண்டியை நிறுத்திவைத்திருந்த அவர் ஒரு வியப்பு. கேட்டால், தானும் கொருக்குப்பேட்டைதான் என்றார்.

2018இல் மகள் பிறந்தாள். முந்தைய ஆண்டுதான் சட்டத்தைத் திருத்தி மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியிருந்தார்கள். அதை முழுமையாக எடுத்துக்கொண்டு திரும்பியபோது, கைக்குழந்தைக்காரி என்று வாடிக்கையாளர் பணியிலிருந்து என்னை நகர்த்தியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் மூத்த சகா ஒருவர் கேட்ட கேள்வி, "அவரிடம் கேட்டீர்களா?" என்பதுதான். யாரும் கேட்டிருக்கவில்லை. மறுவாரம் எனக்குப் பழைய பணி திரும்பக் கிடைத்தது. மேடம், நீங்கள் அதை மறந்திருக்கக்கூடும். நான் வெளியூர் போன நாட்களிலெல்லாம் குழந்தையை மடியில் போட்டுத் தூங்கவைத்த எதிர்வீட்டு ஆயா இந்த மடலைப் படிக்கமாட்டார். மாலையில் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

ஸ்டோர்ஸ் ஐயா ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்; பழைய எண்ணில் அவர் கிடைக்கவில்லை. ஐயா, அந்த இரவு நீங்கள் கையால் எழுதிய பேரிங் பின் கார்டின், அதாவது அலமாரியில் வைக்கும் இருப்பு அட்டையின், நகல் ஒன்றை, கேட்காமலேயே, என் கோப்பில் வைத்துக்கொண்டேன். அது என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. இதைப் பார்த்தீர்களானால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள், கொண்டுவந்து கொடுக்கிறேன்.

நன்றியுடன்,
டேலி கிளார்க் வீட்டுப் பெண்