பார்க்ளேயை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் நெப்போலியன் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் 1812 ரஷ்யப் படையெடுப்பு. மாஸ்கோ எரிந்த பகுதியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு இடங்கள் மனதை உறுத்துகின்றன. நெப்போலியனைத் தோற்கடித்தது ரஷ்யாவின் பனிதான் என்கிறது கட்டுரை. தலைமைத் தளபதியாகக் குதூசவ் வருவதற்கு முன் ரஷ்யாவின் முதல் படையை நடத்திய பார்க்ளே டி டோலியை, ‘பின்வாங்கிக்கொண்டே இருந்ததால் மாற்றப்பட்டவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பனி விழுவதற்கு முன்பே அந்தப் படையெடுப்பின் முதுகை உடைத்தது அந்தப் பின்வாங்கல்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் சப்ளைப் பிரிவில் இருந்தவன். கோவேறு கழுதைகள் மேல் ரேஷன் ஏற்றி மலை முகாம்களுக்குக் கொண்டுபோகும் கம்பெனியில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றேன். அதனால் எந்தப் போரைப் பற்றிப் படித்தாலும் முதலில் தீனிக் கணக்கைத்தான் பார்ப்பேன். 1812 ஜூன் 24 அன்று ரஷ்ய எல்லையிலிருந்த நேமன் ஆற்றைக் கடந்தபோது நெப்போலியனிடம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள். உழைக்கிற குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ தீனி வேண்டும். பெருக்கிப் பாருங்கள், நாளொன்றுக்கு 1,500 டன். அவ்வளவையும் வண்டியில் ஏற்றிப் போக முடியாது, வண்டி இழுக்கும் குதிரையும் தின்னுமே. புல் வளரட்டும் என்றுதான் அவர் ஜூன் வரை காத்திருந்தார்.

ஆற்றைக் கடந்த சில நாட்களிலேயே புயல் மழை. முற்றாத பச்சை ரை தானியப் பயிரைத் தின்று வயிறு கெட்ட குதிரைகள் வில்னா (இன்றைய வில்னியஸ்) நகருக்குப் போகும் சாலையில் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. அப்புறம் ஜூலை வெயில், புழுதி, வயிற்றுப்போக்கு, டைஃபஸ் காய்ச்சல். செப்டம்பர் 7 அன்று மாஸ்கோவுக்கு முன்னால் போரதினோவில் போர் தொடங்கியபோது நெப்போலியன் கையில் இருந்தவர்கள் சுமார் 1,30,000 பேர்தான். வழியிலிருந்த ஊர்களின் காவலுக்கும் பக்கவாட்டுப் படைகளுக்கும் கொஞ்சம் பேரை விட்டு வந்திருந்தார், சரி. ஆனால் பசியிலும் நோயிலும் போனவர்கள் மிகப் பலர். அதுவரை ஒரு துளிப் பனிகூட விழவில்லை. கடுங்குளிர் வந்தது நவம்பரில். அந்தக் குளிர் ரஷ்யர்களையும் விட்டுவைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களைத் துரத்திக்கொண்டு போன குதூசவின் படை, வில்னா போய்ச் சேர்வதற்குள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது.

ஆக, நெப்போலியனின் படையைக் கரைத்தது தூரம். அந்தத் தூரத்துக்குள் அவரை இழுத்துக்கொண்டு போனவர் பார்க்ளே.

இந்த மனிதர் யார் என்று உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய குடும்பம் ஸ்காட்லாந்திலிருந்து வந்து பால்டிக் கடலோர ரீகா நகரில் குடியேறியது. வீட்டில் பேசியது ஜெர்மன், மதம் லூத்தரன் கிறிஸ்தவம். தந்தை ரஷ்யப் படையில் சிறிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய நிலபுலன் எதுவும் இல்லை. அரசவையில் கை தூக்கிவிட ஆளில்லாத அதிகாரி எவ்வளவு மெதுவாக மேலே வருவான் என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி. 1778-இல் கீழ்மட்டக் குதிரைப்படை அதிகாரி, மேஜர் ஜெனரல் ஆனது 1799-இல். இடையில் துருக்கியர் போர், சுவீடன் போர், போலந்துப் போர் என்று எல்லாவற்றையும் களத்தில் நின்று பார்த்துவிட்டார்.

1807 பிப்ரவரியில் நெப்போலியனுக்கு எதிரான ஐலாவ் போரில் பின்காவல் படையை நடத்தியபோது குண்டு பட்டு வலது கை எலும்பு நொறுங்கியது. நினைவிழந்த நிலையில்தான் களத்திலிருந்து தூக்கிச் சென்றார்கள். அந்தக் கை அதற்குப் பிறகு பழையபடி ஆகவே இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1809 மார்ச்சில், பின்லாந்தின் வாசா நகரிலிருந்து சுவீடனின் உமேயோ நகருக்கு உறைந்த கடல்மேல் படை நடத்தினார். சுமார் 3,000 பேர், ஏறக்குறைய 100 கிலோமீட்டர், காலுக்குக் கீழே பாளம் பாளமாக எழுந்து நிற்கும் பனிக்கட்டி, இரவில் தீ மூட்டக்கூட வழியில்லை. இருந்தும் போய் நகரைப் பிடித்தார்கள். குளிரில் ஒரு படையை எப்படி நடத்துவது என்று அன்றைய ரஷ்யத் தளபதிகளில் இவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதே ஆண்டில், தனக்கு மேலிருந்த பலரைத் தாண்டி முழு ஜெனரலானார். 1810-இல் போர் அமைச்சர். பகை அங்கிருந்தே ஆரம்பம். அவரோ தலை நிமிராமல் வேலை பார்த்தார். கோட்டைகளைப் பலப்படுத்தினார், தானியக் கிடங்குகளை நிரப்பினார், களத்தில் பெரிய படையை நிர்வகிப்பதற்கான புதிய விதிமுறைகளை 1812 தொடக்கத்திலேயே வெளியிட்டார். சிப்பாயை அடித்துத் துன்புறுத்துவதுதான் ஒழுங்கு என்று நினைக்கும் வழக்கத்தைக் கண்டித்து அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறார். இந்தச் செய்தியைப் படித்த அன்றே இவர்மேல் எனக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. கீழ்ப்பதவியில் இருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனி அந்தப் பின்வாங்கலுக்கு வருகிறேன். பார்க்ளேயிடம் இருந்தது சுமார் 1,20,000 பேர். இளவரசர் பாக்ரேஷனின் இரண்டாம் படையில் ஐம்பதாயிரத்துக்குள். இரண்டும் தள்ளித் தள்ளி நின்றன. எல்லையிலேயே மோதியிருந்தால் ஒரே மாதத்தில் ரஷ்யாவுக்குப் படையே இருந்திருக்காது. நெப்போலியன் ஆசைப்பட்டதும் அதுதான். விட்டெப்ஸ்க் நகரில் பார்க்ளே போருக்குத் தயாராகத்தான் நின்றார். பாக்ரேஷனால் வந்து சேர முடியாது என்று செய்தி வந்ததும், முகாம் நெருப்புகளை எரியவிட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் படையைக் கிளப்பிக்கொண்டு போனார். விடிந்து பார்த்தால் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரே காலி மைதானம். எதிரி கண்முன்னே நிற்கும்போது லட்சம் பேரை, பீரங்கிகளோடும் குதிரைகளோடும் சத்தமில்லாமல் நகர்த்துவது சாதாரண வேலையா? முன்னேறுவதைவிடப் பத்து மடங்கு கடினம். ஒரு வண்டிச் சக்கரம் சிக்கினால் பின்னால் வரும் வரிசை முழுவதும் நின்றுவிடும். பின்வாங்கும் படை கலைந்து ஓடும் கூட்டமாக மாற அரை மணி நேரம் போதும். இவர் படை கலையவில்லை.

ஸ்மோலென்ஸ்க் நகரையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னபோது எல்லோரும் கொதித்துவிட்டார்கள். ஜாரின் தம்பி கான்ஸ்டன்டின் முகத்துக்கு நேரே அவமதித்தார். பாக்ரேஷன் தலைநகருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். ‘ஜெர்மன்காரன், துரோகி’ என்று சிப்பாய்கள்கூட முணுமுணுத்தார்கள். ஜாரோ படையை விட்டுக் கிளம்பியபோது தலைமைத் தளபதி யார் என்று தெளிவாக அறிவிக்காமலே போயிருந்தார். அந்த நிலையிலும் பார்க்ளே ஒரு வெற்றுச் சண்டை போட்டுப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முயலவில்லை. அப்படி நல்ல பெயர் வாங்க ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுத்த தளபதிகளை வரலாறு நிறையப் பார்த்திருக்கிறது.

ஆகஸ்ட் 29 அன்று குதூசவ் வந்து பொறுப்பேற்றார். வந்தவர் என்ன செய்தார்? அவரும் பின்வாங்கினார். போரதினோவில் ஒரு பெரும் போர் நடத்தினார், அப்புறம் மாஸ்கோவையே விட்டுக் கொடுத்தார். ரஷ்யப் பெயரும் வயதும் இருந்ததால் அவரால் அதைச் செய்ய முடிந்தது. குதூசவைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் நடந்து காட்டியது பார்க்ளே போட்ட பாதையில் என்பதை மட்டும் சொல்கிறேன்.

போரதினோ அன்று பார்க்ளே தன் பதக்கங்கள் எல்லாவற்றையும் அணிந்து, முழுச் சீருடையில், குண்டுமழை அதிகமான இடத்தையே தேடிப் போய் நின்றார். அவர் ஏறியிருந்த குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடப்பட்டு விழுந்தன. சாகத் துணிந்துதான் வந்திருக்கிறார் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. அதுவரை முணுமுணுத்த சிப்பாய்கள் அன்று அவரை வாழ்த்தி முழங்கினார்கள். காலில் அடிபட்டுத் தூக்கிச் செல்லப்பட்ட பாக்ரேஷன், படையின் கதி இனி பார்க்ளே கையில் என்று சொல்லி அனுப்பியதாக உடனிருந்த அதிகாரி எழுதியிருக்கிறார். அத்தனை நாள் பகைத்தவர் அவர். சில வாரங்களில் அந்தக் காயத்தாலேயே இறந்துபோனார்.

ஃபிலி கிராமத்தில் செப்டம்பர் 13 அன்று நடந்த ஆலோசனையில், மாஸ்கோவை விட்டுப் படையைக் காப்போம் என்று துணிந்து பேசியவரும் பார்க்ளேதான், அதுவும் காய்ச்சலோடு. மறுநாள் படை நகரைக் கடந்தபோது ஒழுங்கு குலையாமல், சாராயக் கடைகளில் வீரர்கள் புகாமல் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் குதிரையிலேயே இருந்தார். அக்டோபர் தொடக்கத்தில் உடல்நலம் கெட்டுப் படையை விட்டுக் கிளம்பினார். கலூகா நகரில் ஜனங்கள் துரோகி என்று கத்தி அவர் வண்டிமேல் கல்லெறிந்தார்கள். நாட்டைக் காத்தவருக்கு அந்த ஆண்டு கிடைத்த மரியாதை இது. இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த வாரம் 1813 என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்காகத்தான் அவசரமாக இந்தக் கடிதம். 1813 தொடக்கத்தில் பார்க்ளே மீண்டும் படைக்கு வந்தார். தோர்ன் கோட்டையைப் பிடித்தார். பௌட்சன் போருக்குப் பின் ரஷ்யப் படைகளின் தலைமை மறுபடி அவரிடமே வந்தது. குல்ம் வெற்றிக்காகப் புனித ஜார்ஜ் விருதின் முதல் வகுப்பைப் பெற்றார். அந்த விருதின் நான்கு வகுப்புகளையும் பெற்றவர்கள் ரஷ்ய வரலாற்றிலேயே நான்கே பேர். குதூசவ் ஒருவர், இவர் ஒருவர். லைப்சிக் போரிலும் இருந்தார். 1814-இல் பாரிஸ் விழுந்தபோது பீல்டு மார்ஷல் ஆனார். 1818 மே மாதம் சிகிச்சைக்காகப் பயணம் போகும் வழியில், கிழக்குப் பிரஷ்யாவில் இறந்தார். உடல் இன்றைய எஸ்டோனியாவில், அவர் மனைவி வழி வந்த பண்ணையில் அடக்கமானது. 1837-இல் பீட்டர்ஸ்பர்க் கசான் தேவாலயத்தின் முன் குதூசவுக்கும் இவருக்கும் சிலைகள் வைத்தார்கள். இவரைப் புகழ்ந்து ரஷ்யக் கவிஞர் புஷ்கின் கவிதை எழுதியபோது குதூசவின் உறவினர் ஒருவர் எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் போட்டார், புஷ்கின் பதில் எழுத வேண்டியதாயிற்று. அவ்வளவு பழைய வழக்கு இது.

ஆகவே வரும் கட்டுரையில் குல்ம், லைப்சிக், பாரிஸ் மூன்று இடங்களிலும் பார்க்ளே பெயரைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 1812 பகுதி நூலாக வருமானால், பனியைப் பற்றிய பத்திக்கு முன்னால் அந்தக் கோடைக்காலக் கணக்கையும் போடுங்கள். படத்துக்கு இடமிருந்தால், ஜார்ஜ் டாவ் வரைந்த பார்க்ளே ஓவியம் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையின் போர்வீரர் கூடத்தில் இருக்கிறது. அதை அச்சிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
குடியாத்தம்