எஃப்.இ.ஆர். கையில் வைத்திருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் ஏசி-டிசி கன்வெர்ட்டர் பேட்டன்ட் மனுவின் ஸ்பெசிஃபிகேஷன், எஃப்.இ.ஆர். (பேட்டன்ட் ஆபீஸின் முதல் பரிசோதனை அறிக்கை), அதற்கு நீ எழுதிய பதில் வரைவு மூன்றும் வந்து சேர்ந்தன. முதல் இரண்டையும் இரண்டு தடவை படித்தேன். வரைவை ஒரு தடவைதான் படித்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரே மாதிரிச் சின்னப் பெட்டிகளை அடுக்கிக் கன்வெர்ட்டர் கட்டுவதைப் பற்றி நாலு பக்கம் "மாட்யூல் முறையின் நன்மைகள்" எழுதியிருக்கிறாய்: ஒன்று பழுதானால் மற்றவை ஓடும், வோல்டேஜைக் கூட்ட மாட்யூலைக் கூட்டினால் போதும், ஹார்மானிக்ஸ் குறைவு. எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் உன் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மன் பொறியாளர் மார்க்வார்ட் 2001-இல் அங்கே தாக்கல் செய்ததிலேயே அதன் வேர் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் டிரான்ஸ் பே கேபிள் என்ற கடலடி மின்தடம் 2010-இலிருந்து அப்படித்தான் ஓடுகிறது. நம் புகளூர்–திருச்சூர் தடம், 2000 மெகாவாட், ±320 கிலோவோல்ட், 2021-இல் வந்ததும் அதே குடும்பம். நாலு பக்கத்தையும் படிக்கும் பேட்டன்ட் ஆபீஸ் கன்ட்ரோலர், "நீயே சொல்லிவிட்டாய், இது தெரிந்த விஷயம்" என்று எழுதிவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பார். அந்த நாலு பக்கத்தையும் வெட்டு.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். எக்ஸாமினர் உனக்கு எதிராகக் காட்டும் முந்தைய ஆவணங்கள் இரண்டு, டி1, டி2. டி1 என்பது அரைப்பால (ஹாஃப் பிரிட்ஜ், இரண்டு ஸ்விட்ச்) மாட்யூல்களைத் தொடராக அடுக்கிய கன்வெர்ட்டர். ஒவ்வொன்றிலும், பழுதானால் கரன்ட்டைச் சுற்றி விடும் பைபாஸ் ஸ்விட்ச், அதை இழுக்க ஒரு டிரிக்கர் கெப்பாசிட்டர். டி2 வால்வுக்கு, அதாவது உயர் வோல்டேஜில் நிற்கும் ஸ்விட்ச் அடுக்குக்கு, தரையிலிருந்து லேசரும் ஃபைபரும் வழியாகச் சக்தி அனுப்புகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிளெய்ம் (உரிமை கோரும் வாக்கியம்) 1 முதல் 6 வரை கண்டுபிடிப்புப் படி இல்லை, பிரிவு 2(1)(ஜேஏ) என்கிறார். அதே கிளெய்ம்கள், தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கியது என்னும் 3(எஃப்)-இலும் மாட்டுகின்றனவாம். கிளெய்ம் 7, 8 கட்டுப்பாட்டு முறை என்பதால், அல்காரிதத்துக்குப் பேட்டன்ட் இல்லை என்னும் 3(கே). 9 முதல் 12 வரை கூலிங் பிளேட், வேறு கண்டுபிடிப்பு என்கிறார். கடைசி ஆட்சேபம் நியாயமானது, அதோடு சண்டை போடாதே. அந்த நாலு கிளெய்மையும் எடுத்துவிட்டு, வேண்டுமானால் பிரிவு 16-இன் கீழ் தனி மனு போடு. தாய் மனு கிராண்ட் ஆவதற்கோ நிராகரிக்கப்படுவதற்கோ முன்னால் போட வேண்டும், அவ்வளவுதான்.

உன் கண்டுபிடிப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்றால் பக்கத்து மாட்யூலில். அதை நீயே ஸ்பெசிஃபிகேஷனில் 31-ஆம் பத்தியில் ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறாய். "ஸ்டேஷன் முதன்முதலாகச் சார்ஜ் ஆகும்போது, சொந்தத் துணை மின்வழங்கி எழாத மாட்யூலையும் மூட முடியும்." துணை மின்வழங்கி என்பது மாட்யூலின் போர்டுக்கு மின்சாரம் தரும் சின்ன சப்ளை, மூடுவது என்றால் பைபாஸ் ஸ்விட்ச்சை மூடுவது. நல்லவேளை, இந்த வாக்கியம் தாக்கல் நாளன்றே உள்ளே இருந்தது. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

ஏன் அது முக்கியம் என்று கணக்கோடு எழுது. நான் போட்டுப் பார்த்தது இது. 1000 மெகாவாட், முனைகளுக்கு இடையே 640 கிலோவோல்ட், மாட்யூலுக்கு 2 கிலோவோல்ட் என்று வைத்தால் ஒரு ஆர்மில் (ஒரு டிசி முனைக்கும் ஒரு ஃபேஸுக்கும் இடையிலுள்ள அடுக்கில்) 320 மாட்யூல், ஆறு ஆர்மில் 1920. மெகா வோல்ட்-ஆம்பியருக்கு 40 கிலோஜூல் சேமிப்பு என்ற வழக்கமான அளவில் மொத்தம் 40 மெகாஜூல். ஒரு மாட்யூலுக்குச் சுமார் 21 கிலோஜூல், அதாவது 10 மில்லிஃபாரட் கெப்பாசிட்டர். இப்போது ஒரு மாட்யூலின் ஸ்விட்ச்சுகளை இயக்கும் கேட் டிரைவர் போர்டுக்கு மின்சாரம் இல்லை என்று வை. இரண்டு ஐஜிபிடி ஸ்விட்ச்சும் அணைந்து கிடக்கும். ஆனால் டையோடுகள் சும்மா இருக்காது. ஆர்ம் கரன்ட் ஒரு திசையில் பாயும்போது மேல் டையோடு வழியாகக் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும், எதிர்த்திசையில் கீழ் டையோடு வழியாகக் கரன்ட் விலகிப் போய்விடும். ஏறுவது மட்டும்தான் நடக்கும், இறங்காது. 1000 ஆம்பியருக்கு மில்லிவிநாடிக்கு 100 வோல்ட். 2 கிலோவோல்ட்டிலிருந்து 3 கிலோவோல்ட்டைத் தொட 10 மில்லிவிநாடி போதும். 3.3 கிலோவோல்ட் ஐஜிபிடிக்கு அதுதான் எல்லைக் கோடு.

இதற்கு டி1 சொல்லும் மருந்து டிரிக்கர் கெப்பாசிட்டர். ஓடிக்கொண்டிருக்கும்போது துணை வழங்கி செத்தால் அந்த மருந்து வேலை செய்யும், முன்னமே சார்ஜ் ஆகியிருக்கிறதே. எக்ஸாமினரும் அதைத்தான் சொல்கிறார்: "டி1-இலேயே தீர்வு இருக்கிறது." இங்கேதான் நீ அவரை நிறுத்த வேண்டும். டி1-இன் டிரிக்கர் கெப்பாசிட்டருக்குச் சார்ஜ் கொடுப்பது யார்? அதே மாட்யூலின் அதே வழங்கி. பராமரிப்பு முடிந்து ஸ்டேஷன் எழும்போது, அந்த வழங்கி எழவே இல்லை என்றால், டிரிக்கர் கெப்பாசிட்டர் காலி. பிரதான கெப்பாசிட்டர் மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து டையோடு வழியே ஏறிக்கொண்டிருக்கும். போர்டு பேசாததால் மேலே இருக்கும் கன்ட்ரோலுக்கு அதன் வோல்டேஜும் தெரியாது. அப்படியே டீபிளாக் செய்தால், அதாவது ஐஜிபிடிகளை ஓடவிட்டால், மேலே போட்ட 10 மில்லிவிநாடிக் கணக்குதான்.

உன் சுற்றில் டிரிக்கர் கெப்பாசிட்டருக்கு இரண்டு டையோடு வழியாக இரண்டு மூலம்: சொந்த வழங்கி, ஜோடியாகக் கட்டிய பக்கத்து மாட்யூலின் வழங்கி. 1 மில்லிஃபாரட், 400 வோல்ட், 80 ஜூல். ஜோடி 20 வாட் கொடுத்தால் 4 விநாடியில் நிரம்பும், டீபிளாக்குக்கு முன்பே மூடிவிடலாம். மூடும் கட்டளையும் ஜோடியின் போர்டிலிருந்தே வருகிறது. இந்த வித்தியாசத்தைப் பதிலில் முதல் பத்தியாக வை. டி1 எந்தச் சூழலில் தோற்கிறது, உன்னுடையது அதே சூழலில் எப்படி வெல்கிறது என்பதுதான் கன்ட்ரோலருக்குத் தேவை.

டி2-ஐச் சேர்த்தால் என்ன வரும் என்பதையும் எழுது. ஃபைபர் வழியே வரும் சக்தி சொற்பம். ஒரு வாட் என்று வைத்தால் 80 ஜூலுக்கு 80 விநாடி. அதைவிடப் பெரிய இடி, 1920 மாட்யூலுக்கு 1920 லேசர். டி1-ஐயும் டி2-ஐயும் மேசையில் வைத்துக்கொண்டு உட்காரும் பொறியாளன் அங்கேதான் போய் நிற்பான். பக்கத்து மாட்யூலைத் திரும்பிப் பார்க்க இரண்டு ஆவணத்திலும் ஒரு குறிப்பும் இல்லை. நம் சட்டம் தொழில்நுட்ப முன்னேற்றத்தோடு பொருளாதார முக்கியத்துவத்தையும் ஏற்கிறது, அதனால் லேசர் எண்ணிக்கை இங்கே செல்லும் வாதம். ஆனால் அதை இரண்டாவதாகச் சொல். விலை குறைவு என்பதை மட்டும் முன்னே நிறுத்தினால் வாதம் நொண்டும்.

அடுத்தது இன்சுலேஷன். இதை நீ வரைவில் தொடவே இல்லை, எனக்கு இதுதான் ஆச்சரியம். தொடர்ச்சுற்றில் நேரடியாக இணைந்த இரண்டு மாட்யூல்களின் எதிர்மின் (நெகட்டிவ்) முனைகளுக்கு இடையே இருப்பது ஒன்று பூஜ்யம், இல்லை ஒரு கெப்பாசிட்டர் வோல்டேஜ். ஆகவே இடையிலுள்ள சின்ன டிசி-டிசி டிரான்ஸ்பார்மருக்குத் தரையிலிருந்து 320 கிலோவோல்ட் தாங்கும் அவசியமே இல்லை. பழுதான மாட்யூல் ஏறக்கூடிய 3 கிலோவோல்ட்டும் அதற்கு மேல் கொஞ்சம் இடமும் போதும். ஆனால் உன் கிளெய்ம் 4 "அருகிலுள்ள மாட்யூல்" என்கிறது. அருகில் என்றால் எது? டவரில் பக்கத்து பெட்டியா, சுற்றில் பக்கத்து மாட்யூலா? டவரில் ஒட்டி நிற்கும் இரண்டு பெட்டிகள் வெவ்வேறு தட்டில் இருந்தால் இடையே பத்து இருபது மாட்யூல் வோல்டேஜ் வந்துவிடலாம், உன் இன்சுலேஷன் வாதம் அந்த இடத்தில் சரிந்துவிடும். "இடையே வேறு மாட்யூல் இன்றித் தொடர்ச்சுற்றில் நேரடியாக இணைந்த" என்று மாற்று. படம் 4 அதைத் தெளிவாகக் காட்டுகிறது, ஆதாரத்துக்குப் பஞ்சம் இல்லை.

கிளெய்ம் 1 இப்படி வரலாம் என்று நினைக்கிறேன், வார்த்தையை நீ செதுக்கிக்கொள்:

"தொடராக இணைந்த பல மாட்யூல்கள் (10) கொண்ட கன்வெர்ட்டர், ஒவ்வொரு மாட்யூலிலும் பிரதான கெப்பாசிட்டர் (12), துணை மின்வழங்கி (14), பைபாஸ் ஸ்விட்ச் (16), அந்த ஸ்விட்ச்சை மூடும் சக்தியைத் தேக்கும் டிரிக்கர் கெப்பாசிட்டர் (18), இதில், முதல் மாட்யூலின் டிரிக்கர் கெப்பாசிட்டர், இடையே வேறு மாட்யூல் இன்றி அதனோடு நேரடியாக இணைந்த இரண்டாம் மாட்யூலின் துணை மின்வழங்கியிலிருந்தும் தனிமைப்படுத்திய இணைப்பு (20) வழியாகச் சார்ஜ் ஆகிறது, முதல் மாட்யூலின் துணை மின்வழங்கி எழாத நிலையில் மூடும் கட்டளையை இரண்டாம் மாட்யூலின் போர்டு (22) தருகிறது."

அடைப்புக்குறி எண்களை விட்டுவிடாதே, இப்போதைய கிளெய்மில் ஒன்றுகூட இல்லை, ரிப்போர்ட்டின் மூன்றாம் பாகத்தில் அதற்கும் ஒரு ஆட்சேபம் உட்கார்ந்திருக்கிறது.

இப்படித் திருத்தினால், திருத்தத்துக்கு எல்லை போடும் பிரிவு 59 தடுக்காது. பழைய கிளெய்ம் 4-ஐ 1-க்குள் இழுக்கிறாய், 31-ஆம் பத்தியால் மேலும் குறுக்குகிறாய், எல்லை சுருங்குகிறதே தவிர விரியவில்லை. ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் எந்தப் பத்தி, எந்தப் படம் என்று பக்கத்தில் குறித்து அனுப்பு. ஐரோப்பிய மனுவிலும் இதே திருத்தத்தை வைக்கப் போகிறாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே, தாக்கலில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்னும் 123(2) கத்தி மாதிரி. படத்தில் சேர்ந்தே இருக்கும் இரண்டு அம்சத்தில் ஒன்றை மட்டும் உருவி கிளெய்மில் வைத்தால், "இப்படிப் பிரித்து எங்கே சொன்னாய்" என்பார்கள். டையோடுகளையும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கலாம்.

கிளெய்ம் 1 இந்த உருவத்துக்கு வந்துவிட்டால் 3(எஃப்)-க்கு அரைப் பக்கம் போதும். தெரிந்த சாதனங்களை அடுக்குவது, மாற்றி அடுக்குவது, இரட்டிப்பது என்று மட்டும் அந்தப் பிரிவு நிற்கவில்லை. அவை "ஒன்றையொன்று சாராமல், தெரிந்த முறையில்" இயங்க வேண்டும் என்கிறது. உன் மாட்யூல் சாகக் கிடக்கும்போது ஜோடியின் கையைப் பிடித்துத்தான் மூடிக்கொள்கிறது. இதைவிடச் சார்பு வேறு என்ன வேண்டும்? பழைய கிளெய்ம் 1-இல் அந்தக் கை தெரியவில்லை, 320 ஒரே மாதிரிப் பெட்டிதான் தெரிந்தது. அதனால் எக்ஸாமினர் அந்தப் பிரிவைத் தூக்கியதில் தப்பில்லை.

ஒரு ஓட்டை இருக்கிறது, அவர்கள் கேட்பதற்கு முன் நீயே அடைத்துவிடு. ஆர்மின் கடைசி மாட்யூலுக்குப் பக்கத்தில் யார்? 1–2, 3–4 என்று ஜோடியாகக் கட்டினால் எண்ணிக்கை இரட்டையாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை, இதை நீ எழுதியிருக்கிறாய். ஜோடியில் ஒன்று ஏற்கெனவே பைபாஸில் போயிருந்தால்? அப்போது மற்றதற்கு உதவி கிடையாது, டி1 மாதிரி தன் கெப்பாசிட்டரையே நம்ப வேண்டும். ஜோடிக்கு முதல் பழுதை மட்டும் இந்த ஏற்பாடு சமாளிக்கும் என்று நேராகச் சொல். "எல்லாப் பழுதையும்" என்று உன் 6-ஆம் பத்தியில் அளந்து வைத்திருக்கிறாய். அதைப் பதிலில் எடுத்தாளாதே, கண்டுபிடிப்பை முழுமையாக விளக்கச் சொல்லும் பிரிவு 10(4)-ஐ நீயே வரவழைப்பாய்.

கிளெய்ம் 7, 8 பற்றிச் சுருக்கமாகத்தான். கெப்பாசிட்டர் வோல்டேஜை வரிசைப்படுத்தி எதை உள்ளே போடுவது என்று தேர்வது தெரிந்த வேலை, தனியாக நிற்காது. 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரிட் அலானி வழக்கில் தொழில்நுட்ப விளைவைப் பார்க்கச் சொன்னது உண்மைதான். ஆனால் விளைவு கிளெய்மில் இருக்க வேண்டுமே? முறையின் படிகளை பைபாஸ் ஸ்விட்ச் மூடுவதில் கொண்டுபோய் முடி: ஜோடியின் போர்டு மௌனத்தை உணர்வது, டிரிக்கர் கெப்பாசிட்டர் 400 வோல்ட்டைத் தொட்டதை அளப்பது, அதை ஸ்விட்ச்சின் சுருளுக்குப் பாய்ச்சுவது, அதன்பிறகே டீபிளாக் அனுமதி. அப்படி வந்தால் காப்பாற்றலாம். இல்லையென்றால் விட்டுவிடு.

தேதிகள். எஃப்.இ.ஆர். தேதியிலிருந்து பதிலுக்கு ஆறு மாதம், அது உனக்குத் தெரியும். 2024 மார்ச் திருத்தத்துக்குப் பிறகு ஃபார்ம் 3-இல் வெளிநாட்டு மனுக்களின் நிலையைச் சொல்ல மூன்று மாதம்தான், அது முதலில் முடியும். பதிலோடு சேர்த்து அனுப்பலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். உன் ஐரோப்பிய மனுவின் எண்ணையும் நிலையையும் இந்த வாரமே போட்டுவிடு. ஹியரிங் வந்தால் வீடியோவில்தான் வரும். முடிந்த நாளிலிருந்து 15 நாளில் எழுத்து வாதம் போய்ச் சேர வேண்டும், அதனால் ஹியரிங்குக்கு முன்பே அதை எழுதி வைத்துக்கொள். நாள் தள்ளக் கேட்பதென்றால் மூன்று நாள் முன்னால் கேட்க வேண்டும்.

அப்புறம், தேடல். டி1, டி2-க்குப் பதில் சொல்லிவிட்டால் முடிந்தது என்று இருக்காதே. பேட்டன்ட் வகைப்பாட்டின் எச்02எம் 7/483, 7/49, 1/32 வகைகளில் சீன மொழித் தாக்கல்களை மெஷின் மொழிபெயர்ப்பிலாவது ஒரு சுற்று பார். பக்கத்து மாட்யூலிலிருந்து சக்தி எடுப்பது என்ற யோசனை அங்கே கிடந்தால், டிரிக்கர் கெப்பாசிட்டருக்கு இரட்டை மூலம், ஜோடி போர்டின் கட்டளை என்ற இரண்டுக்கும் நீ பின்வாங்க வேண்டியிருக்கும். அந்த இரண்டும் கிளெய்ம் 1-இல் ஏற்கெனவே இருக்கட்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

படம் 4-இல் டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் மதிப்பு எழுதப்படவில்லை. ஸ்பெசிஃபிகேஷனில் வேறெங்காவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல். இருந்தால் அந்தப் பத்தி எண்ணை மட்டும் அனுப்பு, இன்சுலேஷன் வாதத்தை நானே எழுதித் தருகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லேப் பார்ட்னர்