வேலை தேடும் பிள்ளைகளுக்கு வழிச்செலவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டம் முடித்தும் வேலை கிடைக்காத பிள்ளைகளிடம் பெற்றோர் பொறுமையாக இருக்க வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரியான அறிவுரை. ஆனால் எங்கள் நீலகிரியில் பொறுமை இருந்தால் மட்டும் போதாது, கையில் பணமும் இருக்க வேண்டும்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவள். கோவையில் இருக்கும் பெண் காலையில் நேர்முகத் தேர்வுக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இவள் விடியற்காலையில் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கே மாறி கோவை போய், அப்புறம் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் சரவணம்பட்டிக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு பயத்தில் முந்தைய நாளே இறங்கித் தங்கவும் வேண்டும். சென்னை என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு. இவ்வளவும் செய்து போனால், "தகவல் சொல்கிறோம்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு தடவையும் "அம்மா, பஸ்ஸுக்குக் காசு" என்று வளர்ந்த பெண் கேட்டு நிற்பது அவளை எவ்வளவு குறுக வைக்கும்! அதனால் கொழுந்துப் பணம் வந்ததும் ஒரு தொகையை அவள் கணக்கில் போட்டுவிடுகிறோம். கணக்குக் கேட்பதில்லை. விலை இறங்கிய மாதம் தொகையும் குறையும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். வீட்டு நிலவரம் தெரிந்தால் எந்தத் தேர்வுக்குப் போவது, எதை விடுவது என்று அவளே முடிவு செய்துகொள்கிறாள்.

இன்னொரு விஷயம். வேலை வாங்கித் தருகிறோம், பயிற்சிக்கு டெபாசிட் கட்டுங்கள் என்று போன் வரும். பயந்துபோன பெற்றோர்தான் நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தை வழிச்செலவுக்குக் கொடுங்கள். வேலை தருகிறவன் நம்மிடம் காசு கேட்க மாட்டான்.

சொந்தக்காரர்கள் வேறு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு ஆலை நடந்த காலத்தை நினைத்துக்கொண்டு, "எங்களுக்கெல்லாம் வேலை கிடைக்கலையா?" என்கிறார்கள். அந்த ஆலை மூடி ஆண்டுகள் ஆகிவிட்டன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பங்கேற்று 2024-இல் வந்த இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022-இல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம் என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 தான். இதைப் பிள்ளையின் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்வது? கல்யாண வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் பதில் சொல்ல வேண்டியது நாம், பிள்ளை அல்ல.

அரசு உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த பிறகு, குடும்ப வருமான வரம்புக்குள் இருந்தால்தான். படிப்பு முடித்த முதல் இரண்டு வருடத்தில்தான் அலைச்சல் அதிகம். மலை மாவட்டப் பிள்ளைகளுக்கு அந்தச் சமயத்திலேயே, தேர்வு அழைப்பைக் காட்டினால் பயணச் செலவு கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். தனியார் கம்பெனிகளும் முதல் சுற்றையாவது வீடியோ அழைப்பில் முடித்துக்கொள்ளலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாவட்டத்தில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம் செய்தி பெரும்பாலும் முடிந்த மறுநாள் போட்டோவோடு வருகிறது. ஒரு வாரம் முன்னதாக, என்னென்ன படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற விவரத்தோடு போடுங்கள். கூடலூர், பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு வருகிறவர்களுக்கும் அது பெரிய தூரம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி.