ஆர்பி ஆட வந்தவர்களும் ஓரமாய் நின்றவர்களும்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் பொருளாளருக்கும், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபத்திலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

'ஆர்பி என்பதும் சுடுகிற கேம்தானே?' என்று போன பொதுக்குழுவில் கேட்ட பெரியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஆர்பி என்றால் ரோல்பிளே, அதாவது வேஷம் கட்டி ஆடுவது. இதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஜிடிஏ 5 என்ற கணினி விளையாட்டை ஃபைவ்எம் என்ற கூடுதல் மென்பொருள் வழியாகத் திறந்தால் ஒரே ஊருக்குள் பலர் சேர்ந்து ஆளுக்கொரு வேஷம் கட்டலாம். போலீஸ், மெக்கானிக், டீக்கடைக்காரர் என்று எதுவானாலும் சரி. நம்மூர்க் கூத்து மாதிரிதான், மைக்கில் பேசி ஆடுகிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லா நிகழ்ச்சிக்கும் ஆள் நிறைந்தது. விசைப்படகு போகத் தொடங்கியதும் பாதியாகக் குறைந்தது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய இரவுகளில் மறுபடி எல்லாரும் வந்தார்கள், கரண்ட்தான் வரவில்லை.

இந்த ஆண்டு நான் சொல்லியாக வேண்டியது மீன் ஏலத்தைப் பற்றி. கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் ஊரின் துறைமுகத்தில் நம்மூர் ஏலத்தை நடத்தினோம், நான்தான் ஏலம் விட்டேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கிரேன் பக்கத்தில் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றார். கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கேட்டால், "எல்லாரும் பேசிக்கிட்டே இருந்தீங்க, எங்க நுழையறதுன்னு தெரியலண்ணே" என்றார். தப்பு எங்கள் மேல்தான். பழைய ஆட்கள் பழைய கதையையே பேசிக்கொண்டிருந்தால் புதியவர் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்?

அடுத்த ஏலத்துக்கு முன்பே அவரிடம் ஐஸ் வண்டியைக் கொடுத்தோம். நடுவில் ஒரு வியாபாரி, "தம்பி, ஐஸ் பத்தாது, இன்னும் கொண்டா" என்றார். "போன வாரக் காசே வரல, அதக் கொடுத்துட்டுக் கேளுங்க" என்றார் இவர். ஏலம் நின்றது. அன்று ராத்திரி முழுக்க ஐஸ் கடன் பஞ்சாயத்துதான், மீனை யாரும் கேட்கவில்லை. இப்போது வருகிற எல்லாருக்கும் ஒரு வேலையும், கேட்பதற்கு ஒரு கேள்வியும் முன்கூட்டியே தருகிறோம்.

புகார்கள் இரண்டு. ஒருவர், தன் வேஷம் செய்வதை எழுத்தில் சொல்கிற '/மீ' கட்டளையைப் போட்டு 'அடிக்கிறேன், அவன் விழுந்தான்' என்று எழுதினார். விழுவதா வேண்டாமா என்பது அடி வாங்குபவர் பாடு. ஓங்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மீறினால் அது பவர்கேமிங். இன்னொருவர், திருட்டுக் கும்பல் ஒளிந்த இடத்தை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, போலீஸ் வேஷத்தில் நேரே அங்கே போய் நின்றார். அவருடைய போலீஸுக்கு அது எப்படித் தெரியும்? இதுதான் மெட்டாகேமிங். அந்தக் கோபத்தில் இருவர் டீக்கடையில்கூடப் பேசாமல் இருந்தார்கள். அப்புறம்தான் ஆட்டம் முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசுகிற வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஃபைவ்எம்முக்கு ஒரிஜினல் கேம் வேண்டும், கிராக் காப்பி வேலைக்காகாது. அதனால் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்கினோம். நூறு ஜிபிக்கு மேல் பிடிப்பதால் மன்றத்துக் கணினியில் கல்யாண வீடியோக்களை ஏற்ற வேண்டாம்.

அடுத்த ஏலத்தில் டீக்கடைக்காரர் வேஷம் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். மன்றத்து ஹெட்செட்டை எடுத்துப் போனவர் யாராக இருந்தாலும் அதற்கு முன் கொண்டுவந்து வைத்துவிடவும்.