பின்னால் நிற்கிறவள்

மியூனிக்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குத் திட்டாதே. மொட்டைமாடி ஒழுகுவதை மழைக்கு முன்னால் சரி செய்துவிட்டாயா? இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால்தான் படி இறங்கும்போதெல்லாம் பழைய பாக்கியைக் கேட்கிறது.

உன் மகள் பள்ளி ஃபுட்பால் டீமில் சேர்ந்ததை ஒரு வரியில் முடித்துவிட்டு, அவளை கோல் போட விடாமல் பேக்கில், அதாவது பின்னால் தடுத்து ஆடும் இடத்தில், நிறுத்திவிட்டார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த கதையைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நாம் இரண்டு பேரும் எங்கே நின்று ஆடினோம் என்று அவளிடம் நீ சொன்னதே இல்லையா?

சரி, அவளுக்குக் காட்ட இங்கே ஒருவர் இருக்கிறார். இந்த ஊர் கிளப்பான பாயர்ன் மியூனிக்கின் பெண்கள் அணி கேப்டன், க்ளோடீஸ் பெர்லா விகோஸ்டோட்டிர். அவரும் பேக்தான். ஐஸ்லாந்துக்காரர். பெயரைப் பார்த்து மலைக்காதே; கடைசித் துண்டுக்கு விகோவின் மகள் என்று அர்த்தம், அவ்வளவுதான். நம்மைப்போல அங்கேயும் அப்பா பெயர்தான். ஊரே முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுமாம். நானும் க்ளோடீஸ் என்றே எழுதுகிறேன்.

பெண்கள் அணியின் மைதானம் சின்னது, 2,500 பேர்தான் கொள்ளும். கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரலாம். ஒருநாள் பந்தை விட்டுவிட்டு மேட்ச் முழுக்க அவரையே பார்த்தேன். பந்து எதிர் கோல் பக்கம் கிடக்கும்போதும் தலை சும்மா இருப்பதில்லை. இடது தோள், வலது தோள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். கையை நீட்டிப் பக்கத்தில் நிற்கிறவரை இரண்டடி முன்னால் தள்ளி நிறுத்துகிறார். பந்து வரும்போது, எதிராளி ஓட நினைத்த வழியில் ஏற்கெனவே இவர் நிற்கிறார். சறுக்கி விழுந்து பறிக்கிற வேலையே அபூர்வம். நாம் தினமும் செம்மண் அப்பிய டவுசரோடு போய் வீட்டில் அடி வாங்கினோமே, அது வீரத்தால் இல்லை, இடத்துக்கு லேட்டாக வந்ததால்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

1995இல் பிறந்தவர். 2012இல், 17 வயதிலேயே நாட்டுக்காக ஆடிவிட்டார். ஊரில் ஸ்டியார்னன் அணியோடு லீக் பட்டம், அப்புறம் ஸ்வீடன், அங்கே 2019இல் ரோசன்கார்டோடு பட்டம். 2021இல் மியூனிக் வந்தார். 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று லீக் பட்டங்கள். நடு வருஷம் 22 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பலோன் தோர் விருதுக்கான 2024ஆம் வருஷத்து 30 பேர் பட்டியலிலும் பெயர் வந்தது. கோல் போடுகிறவர்களுக்கே எழுதி வைத்த பட்டியல் அது, உனக்குத் தெரியும்.

ஆனால் நான் அவரை ரசிப்பது ஐஸ்லாந்துச் சட்டையில்தான். மொத்த ஜனத்தொகையே 4 லட்சத்துக்குள். 2022 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், பெல்ஜியம், இத்தாலி, பிரான்ஸ் மூன்றோடும் 1-1. ஒன்றில்கூடத் தோற்காமல் வீட்டுக்குப் போனார்கள்! அதே செப்டம்பரில் நெதர்லாந்தோடு டிரா செய்தாலே போதும், முதல் முறையாக உலகக் கோப்பைக்கு நேரே போயிருக்கலாம். 92 நிமிஷம் அடைத்து நின்றார்கள். 93ஆவது நிமிஷம் கோல். அடுத்த மாதம் போர்ச்சுகலிடமும் தோற்று அந்த வாய்ப்பே போயிற்று. 92 நிமிஷம் அடைத்ததை எங்கே எழுதி வைக்கிறார்கள், சொல்லு.

2024 ஜூலையில் ரெய்க்யவிக்கில் ஜெர்மனியை 3-0 என்று வென்று யூரோவுக்குத் தகுதி பெற்றார்கள். ஜெர்மனி அணியில் பாயர்ன் தோழிகளே பலர். மறுநாள் பேக்கரியில் நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

2025 யூரோ முதல் மேட்சில் பாவம், வயிற்றுக் கோளாறு. பாதியிலேயே வெளியே போனார். பின்லாந்திடம் 0-1. நாலு நாள் கழித்து ஸ்விட்சர்லாந்துக்கு எதிராக மறுபடி இறங்கினார், அதுவும் தோல்வி. கடைசியாக நார்வேயோடு 4-2 என்று பின்தங்கி, வெளியேறுவதும் உறுதியான நிலையில் 90 நிமிஷம் முடிந்து சேர்த்துக் கொடுத்த சில நிமிஷத்தில் ஒரு பெனால்டி. அதைப் போய் அடித்து 4-3 ஆக்கினார். எதற்கும் உதவாத கோல். அதையும் ஒழுங்காக அடித்தார்.

கிளப்பிலும் நாட்டிலும் அவருக்கு 4ஆம் எண். டிசம்பரில் வரும்போது உன் மகளுக்கு ஒரு சட்டை வாங்கி வருகிறேன். அளவை அவளிடமே கேட்டு எழுது. போன தடவை நீ குத்துமதிப்பாகச் சொன்ன செருப்பு இன்னும் அட்டைப் பெட்டியில்தானே இருக்கிறது.

உன்
ராஜாமணி