மங்கோலியாவின் 85 மில்லிமீட்டர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், போட்டித் தேர்வு வகுப்புக்கு நீ எழுதிய மங்கோலியா குறிப்பும் சேர்ந்தே வந்தன. இந்தத் தடவை வகுப்பு நிரம்பிவிட்டது என்று படித்ததில் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது எப்படி?

குறிப்புக்கு வருகிறேன். பொருளாதாரம், கட்டமைப்பு, ராணுவம் என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரப்பியிருக்கிறாய். எண்களில் பெரிய பிழை இல்லை. ஆனால் மங்கோலியாவை இப்படிப் பிரித்துப் படித்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் பிடிபடாது. கட்டமைப்புக் கட்டத்தின் முதல் வரியில் 1520 என்று எழுது. அந்நாட்டு ரயில் பாதையின் அகலம் அது, மில்லிமீட்டர் கணக்கில். ரஷ்யாவிலும் அதே அகலம்தான். தெற்கே சீனாவில் 1435. மற்ற இரண்டு கட்டங்களுக்கும் இந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசத்திலிருந்துதான் வழி பிரிகிறது.

வடக்கே சுக்பாத்தர் முதல் தெற்கே சாமின்-ஊத் வரை சுமார் 1,110 கி.மீ. ஓடும் முதன்மைப் பாதை சோவியத் காலத்தில் போடப்பட்டது. அதை நடத்தும் நிறுவனம் 1949-இல் தொடங்கியது. இன்றும் அதில் ரஷ்யாவுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. அந்தப் பாதையை இரட்டிப்பாக்குவதோ மின்மயமாக்குவதோ ரஷ்யா தலையசைக்காமல் நடக்காது. பயணிகள் ரயில் சீன எல்லையில் எரென்ஹோட் வந்ததும் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். கீழே இருக்கும் சக்கரத் தொகுதியை உருட்டி வெளியே எடுத்து, அடுத்த அகலத்துக்கானதை உள்ளே தள்ளிப் பெட்டியை இறக்குகிறார்கள். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். சரக்குக்கு இந்த வசதி கட்டுபடியாகாது. கன்டெய்னரைக் கிரேனால் மாற்ற வேண்டும், மற்றதை இறக்கி ஏற்ற வேண்டும். மங்கோலியாவுக்குக் கடல் கிடையாது. வெளிநாட்டுச் சரக்கில் பெரும்பகுதி சீனாவின் தியான்ஜின் துறைமுகம் வழியாகத்தான் வருகிறது. எரென்ஹோட்டில் வேகன் தட்டுப்பாடு வந்தால் தலைநகர் உலான்பாட்டர் கடைகளில் விலை ஏறிவிடும்.

நிலக்கரி வரியில் ‘உற்பத்தி அதிகம்’ என்று மட்டும் எழுதிவிட்டாய். அது போதாது. தெற்கே கோபிப் பாலைவனத்தில் தவான் தோல்கோய் என்ற இடத்தில் எஃகு ஆலைகளுக்கான கோக்கிங் நிலக்கரி கிடைக்கிறது. பல வருடங்கள் அது எல்லைவரை லாரியில்தான் போனது. புழுதி, நாள்கணக்கில் நிற்கும் லாரி வரிசை, கெட்டுப்போன மேய்ச்சல் நிலம் எல்லாம் அதோடு வந்தவை. ரயில் போடலாம் என்றபோது எந்த அகலம் என்பதில் நாடே இரண்டுபட்டது. சீன அகலத்தில் போட்டால் சரக்கு நேராகப் போகும், செலவு குறையும். ஆனால் நாளைக்குப் படையும் அதே பாதையில் நேராக வந்துவிடுமே என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். 2010-இல் நாடாளுமன்றம் 1520 என்று முடிவு செய்தது. 2014-இல் எல்லைப் பாதைகளுக்கு 1435-உம் ஆகலாம் என்றது. கடைசியில் 2022 செப்டம்பரில் தவான் தோல்கோயிலிருந்து சீன எல்லைச் சாவடியான காஷூன் சுகாய்த் வரை சுமார் 233 கி.மீ. பாதை 1520 அகலத்திலேயே திறக்கப்பட்டது. ஆனால் அது சீனப் பாதையோடு சேரவில்லை. கரி மறுபடியும் லாரி ஏறித்தான் எல்லையைக் கடந்தது. இரண்டையும் இணைக்கும் வேலை 2025 மே மாதம்தான் தொடங்கியது. பொருளாதாரமும் ராணுவமும் ஒரே தண்டவாளத்தில் மோதிக்கொண்ட கதை இது. வகுப்பில் இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்கு.

இவ்வளவு தடையிருந்தும் 2023-இல் சுமார் 7 கோடி டன் நிலக்கரி ஏற்றுமதியானது. நாட்டின் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவுக்குத்தான். வாங்குபவர் ஒருவரே என்றால் விலையும் அவர் சொல்வதுதான். 2016 நவம்பரில் தலாய் லாமா உலான்பாட்டர் வந்தபோது, சில நாட்களில் சீனா எல்லைச் சரக்குக்குக் கூடுதல் கட்டணம் போட்டது, கடன் பேச்சையும் நிறுத்தியது. உலோக விலை சரிந்து அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றியிருந்த நேரம் அது. இனி அவரை அழைப்பதில்லை என்று மங்கோலிய அரசு சொல்ல வேண்டியதாயிற்று. 2017-இல் சர்வதேச நாணய நிதியம் முன்னின்று 550 கோடி டாலர் உதவித் திட்டம் அமைந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். ஓயூ தோல்கோய் தாமிரச் சுரங்கத்தில் அரசின் பங்கு 34 விழுக்காடு என்று சரியாகவே எழுதியிருக்கிறாய். அந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் சீனாவிலிருந்து வருகிறது என்பதையும் பக்கத்தில் சேர்.

எரிபொருள் கதை இதற்கு நேர்மாறு. பெட்ரோல், டீசல் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வருகின்றன. கிழக்கே தோர்னோத் மாகாணத்தில் கச்சா எண்ணெய் இருந்தும் சுத்திகரிப்பு ஆலை இல்லாததால் அது சீனாவுக்குப் போகிறது. தோர்னோகோபி மாகாணத்தில் இந்தியக் கடனில் எழும் சுத்திகரிப்பு ஆலை இதை மாற்றத்தான். அதன் திறன் ஆண்டுக்கு 15 லட்சம் டன். 2015-இல் அறிவிக்கப்பட்ட 100 கோடி டாலர் கடன் பிறகு கூட்டப்பட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த எண்ணெயில் மெழுகு அதிகம், குளிரில் உறைந்துவிடும். 500 கி.மீ.க்கு மேல் குழாயில் கொண்டுவர வேண்டுமானால் வழியெல்லாம் சூடாக வைத்திருக்க வேண்டும். ஆகவே ‘ஆலை’ என்று மட்டும் எழுதாமல் ‘ஆலையும் குழாயும்’ என்று எழுது. ஒன்று முடிந்து மற்றது முடியாவிட்டால் பயனில்லை.

கால்நடை வரியில் ‘சுத்’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். பனியோ பனிக்கட்டியோ புல்லை மூடி, மந்தை பட்டினியில் சாகும் குளிர்காலத்துக்கு அங்கே அந்தப் பெயர். 2023–24 குளிரில் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் மடிந்தன.

ராணுவக் கட்டத்தில் டாங்கிகளின் எண்ணிக்கையை அடித்துவிடு. பத்தாயிரம் பேர் அளவிலான படை, பெரும்பாலும் சோவியத் காலத் தளவாடம். எல்லையோ 8,000 கி.மீ.க்கு மேல், அதைக் காப்பதும் தனியான எல்லைப் படை. ரஷ்யாவோடும் சீனாவோடும் சண்டை போட அந்தப் படை அமைக்கப்படவில்லை. உலகில் தங்களுக்கு நண்பர்கள் இருக்க வேண்டும் என்பதற்காக ஐ.நா. அமைதிப் பணிக்கு ஆள் அனுப்புகிறார்கள். தென் சூடானில் ஒரு முழு பட்டாலியனே இருந்துவருகிறது. ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனார்கள். 2003 முதல் ‘கான் குவெஸ்ட்’ என்ற அமைதிப்படைக் கூட்டுப் பயிற்சியை நடத்துகிறார்கள், இந்தியாவும் அதில் கலந்துகொள்கிறது. சட்டம் இயற்றாமல் அந்நியப் படை நாட்டில் தங்கக் கூடாது என்று 1992 அரசியலமைப்பு சொல்கிறது. அதே ஆண்டு அணு ஆயுதமற்ற நாடு என்றும் அறிவித்துக்கொண்டார்கள். ‘மூன்றாவது அண்டை நாடு’ என்று அவர்கள் சொல்லும் கொள்கை இதுதான். எல்லையில் இல்லாத ஜப்பான், அமெரிக்கா, இந்தியா, தென் கொரியா எல்லாம் அந்த அண்டை நாடுகள். 2021-இல் திறந்த புதிய விமான நிலையம் ஜப்பான் கடனில் கட்டியது. அதைக் கட்டமைப்பில் எழுதிவிட்டு, ராணுவக் கட்டத்திலிருந்தும் ஓர் அம்புக்குறி போடு.

திருத்திய தாளை அனுப்பு, ஒரு தரம் பார்த்துத் தருகிறேன். அடுத்து கஜகஸ்தான் என்றாய். அங்கேயும் பாதை 1520தான், சீன எல்லையில் கோர்கோஸில் அதே கிரேன் வேலை நடக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் நடத்தப் பார்.

அன்புடன்,
ராமநாதன்