சிறுவர்களுக்கும் முழுப் புத்தகமே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்த பிறகு, அந்த நாவலைச் சிறுவர்களுக்கென்று சுருக்கித் தரும் மெல்லிய நூல்களைப் புத்தகக் கடைகளில் அடிக்கடி காண்கிறேன். பிள்ளைகள் சோழர் கதையை விரும்பிக் கேட்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் சிறுவயதில் இந்நாவலை முழு வடிவில் படித்து, ஐம்பது வயதைக் கடந்தபின் மறுபடியும் முதல் அத்தியாயத்திலிருந்து படித்து முடித்தவன் என்ற முறையில், சுருக்கங்களில் விடுபடுவது என்ன என்பதைத் தங்கள் இதழ் வாயிலாகப் பெற்றோர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த இந்நாவலை, மணியத்தின் ஓவியங்களோடு வாராவாரம் கத்தரித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்த குடும்பங்கள் பல. எங்கள் பெரியம்மா வீட்டிலும் அப்படிப்பட்ட பைண்டுகள் இருந்தன. பன்னிரண்டு வயதில் நான் அவற்றைப் படித்தது கதாநாயகன் வந்தியத்தேவனுக்காக மட்டுமே. அவன் குதிரை, பழுவூர் அரண்மனையின் நிலவறை, ஈழத்துக் காடுகள், கடலில் சிக்கிய மரக்கலம் ஆகியவை வரும் இடங்களை மூச்சுவிடாமல் படித்துவிட்டு, பெரியவர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் படிக்கிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

அன்று தள்ளிவிட்டுப் போன பக்கங்களில்தான் இன்று நாவலின் பெரும்பகுதி இருக்கக் கண்டேன். பெரிய பழுவேட்டரையரையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்பிலும் முகத்திலுமாக 64 விழுப்புண்கள் பெற்ற அந்தக் கிழவர் சிறுவனுக்கு வில்லன்; அவர் ஏமாறும்போதெல்லாம் நான் கைகொட்டி மகிழ்ந்திருக்கிறேன். இப்போது படிக்கையில், முதுமையில் நந்தினி என்ற இளம் பெண்ணின் மீது அன்பு வைத்து, அதற்காக ஊராரின் ஏளனத்தையும் உடன்பிறந்த தம்பியின் கண்டனத்தையும் தாங்கிக்கொண்டு, அவள் மனத்தில் தனக்கு இடமே இல்லை என்பதைச் சிறுகச் சிறுக உணரும் ஒரு பெருவீரனின் துயரத்தைக் கண்டு மனம் கலங்கிப்போனேன். புயலில் கொள்ளிடத்து வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டுக் கரையேறி, துர்க்கை கோயிலருகே சதிகாரர்களின் பேச்சை ஒளிந்திருந்து கேட்டு உண்மையை அறியும் அந்த இரவைப் போல, ஒரு மனிதரின் வாழ்நாள் பெருமை முழுவதும் ஒரே இரவில் சரிவதைச் சொல்லும் பகுதிகள் நம் வெகுஜன நாவல்களில் அதிகமில்லை என்பது என் துணிபு. சுருக்கத்தில் இது இரண்டு வரியாகிவிடுகிறது. அந்த இரண்டு வரியைப் படித்து வளரும் பிள்ளை, கதை தெரிந்துவிட்டது என்று எண்ணிப் பின்னாளில் முழு நூலைத் தேடாமலே இருந்துவிடக்கூடும்.

நோய்ப் படுக்கையில் கிடந்தபடி, தான் இளமையில் காதலித்த மந்தாகினி தன்னால் இறந்தாள் என்று நம்பி நள்ளிரவுகளில் அலறும் அரசர் சுந்தர சோழரையும், வளர்த்த தாயாக இருந்துகொண்டே மதுராந்தகனுக்கு அரசுரிமை கூடாது என்று உறுதியாக நிற்கும் செம்பியன் மாதேவியையும், வயதான பெற்றோரைப் பேணிய பின்பும் சொந்தப் பிள்ளைகளோடு முரண்பட்ட பின்பும் படிப்பது முற்றிலும் வேறோர் அனுபவம்.

வரலாற்றறிவோடு திரும்பிவருவதும் அத்தகையதே. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் வரும் வீரநாராயண ஏரி இன்றைய வீராணம். அதனருகில் இருக்கும் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக இரவிதாசன் முதலியோரின் பெயர்களைக் கூறி, அவர்களுடைய உடைமைகள் கைப்பற்றப்பட்டதைத் தெரிவிப்பது அதுவே. ஆக, கதை தொடங்கும் ஊரிலேயே கதையின் மையமான கொலைக்குரிய கல்வெட்டுச் சான்றும் இருக்கிறது. அதே ஊர் விண்ணகரக் கோயிலில் வைணவன் ஆழ்வார்க்கடியான் பாசுரம் பாடும்போது கண்ணிமைக்காமல் கேட்டு நிற்கும் சிறுவன், பின்னாளில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள். பின்னாளில் இராசராசனான அருள்மொழி, தன் சிற்றப்பன் அரசாள விரும்பும்வரை தான் அரியணையை நாடுவதில்லை என்று விலகியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. ஐந்தாம் பாகமாகிய 'தியாகச் சிகரம்' அந்தச் செய்தியின் மீதே எழுப்பப்பட்டது. இவற்றில் ஒன்றுகூட எனக்குப் பன்னிரண்டு வயதில் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் அன்று இல்லை. அவை அந்தப் பக்கங்களில் இருந்தன என்பதே முக்கியம்.

மறுவாசிப்பில் குறைகளும் தென்படவே செய்கின்றன. வாரந்தோறும் எழுதியதால் நேர்ந்த 'கூறியது கூறல்' உண்டு; மறைந்திருந்து ஒட்டுக்கேட்கும் காட்சிகள் அளவுக்கு மீறி வருகின்றன; நந்தினியின் தரப்புக்கு ஆசிரியர் இன்னும் சற்று இடம் கொடுத்திருக்கலாம். இந்நூல் வளரிளம் பருவத்தோடு முடிந்துவிட வேண்டிய வாசிப்பு என்று இலக்கிய நண்பர்கள் சொல்வதை மரியாதையோடு கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் அந்தப் பருவத்துக்குப் பின் இதைத் திறந்து பார்த்ததில்லை. ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு அதே முடிவைச் சொன்னால், அதை ஏற்காவிட்டாலும் மதிப்பேன்.

கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாக்கப்பட்டதால், முழு நூலையே மலிவு விலையில் கொடுக்கப் பதிப்பாளர்களால் முடிகிறது. ஆகவே, சுருக்கத்தை வெளியிடுவோர் அது சுருக்கம் என்பதை அட்டையிலேயே கண்ணில் படும்படி அச்சிட வேண்டும்; பள்ளி நூலகங்கள் ஐந்து பாகங்களையும் முழுமையாக வாங்கி, மாணவர் கைக்கெட்டும் அலமாரியில் வைக்க வேண்டும். எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளட்டும்; பெரியவர்கள் முன்கூட்டியே அவற்றை வெட்டிவிட வேண்டாம். தங்கள் நாளிதழின் புத்தகப் பக்கத்தில், சிறுவயதில் விரும்பிய நூலொன்றை முழுமையாக மறுபடி படித்தவர்கள் எழுதுவதற்கு மாதம் ஒருமுறையேனும் இடம் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.